சத்தியம் செய்திருக்கிறான்

ஆரணி கோர்ட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த நோட்டரி வக்கீல் பரசுராமனிடம் அஃபிடவிட் எழுத வந்தவர்கள் யாரும் லத்தீன் பாடம் கேட்காமல் திரும்பியதில்லை.

"அஃபிடவிட்டுங்கறது லத்தீன் வினைச்சொல்லும்மா. 'சத்தியம் செய்திருக்கிறான்'னு அர்த்தம். 'ஃபிடெஸ்'னா நம்பிக்கை. அதுலேர்ந்து பொறந்த வார்த்தை."

தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்த ஹேமலதா, கையில் ஒட்டிய ஜரிகை இழையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். "பொய்ச் சத்தியம் பண்ணா, சார்?"

"என் எதிர்ல நின்னுகினு பண்ணிட முடியுமா? தீர விசாரிச்சுத்தான் சீலு வெப்பேன். சரி, உனக்கு என்ன எழுதணும்?"

"நான் உயிரோட இருக்கேன்னு எழுதணும்ங்க."

பரசுராமன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நீ செத்துட்டன்னு எவன் சொன்னான்?"

"என் வீட்டுக்காரரு. இன்னொருத்தியைக் கட்டிக்கறதுக்காக, சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்காரு."

மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். பரசுராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அடியில் அவருடைய சீல், அவருடைய பச்சை மைக் கையெழுத்து.

சிரிப்பு நின்றுபோனது. தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீ உயிரோட இருக்கேன்னு சொல்ல ரெண்டு சாட்சியக் கூட்டிகினு வாம்மா."

"நான் செத்ததுக்கு அவரு ஒருத்தர் சொன்னதே போதுமா இருந்துச்சே, சார்."