குழாயில் இளஞ்சிவப்பு

சோதனைக் குழாயிலிருந்த என் சிறுநீர் இரண்டாவது முறையும் இளஞ்சிவப்பாக மாறியது.

"நீ சிகரெட் பிடிக்கிறேன்னு சொல்லுது, கண்ணு," என்றார் செவிலியர் டெலித்.

நான் வாழ்க்கையில் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை.

குப்பி மாறிப்போயிருக்குமோ? மூடியில் என் கையெழுத்தில் என் பெயர்: எம்லின் ரீஸ். தொட்டுப் பார்த்தேன். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்த என் கால் எலும்பு எட்டு மாதமாகியும் சேரவில்லை. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும். புகைப்பவர்களுக்கு அது சேருவது அரிது. இந்தச் சோதனையில் தேறாதவர்களுக்கு இங்கே கத்தி வைப்பதில்லை.

என் முறை இன்னும் பதினேழு நாளில். தவறினால் அடுத்த வருடம்தான். அதுவரை கால் தாங்குமா என்று கேட்டேன். டெலித் என் ஊன்றுகோலைப் பார்த்தார்.

"போன வாரம் ஒருத்தர் தன் நாயோடதைப் பிடிச்சுக் கொண்டுவந்தார். அதுவும் சிவப்பு. அந்த வீட்ல நாய்கூட ஊதுது போல."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. நான் பக்கத்து வீட்டுப் புகையை யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு காபியை.

"சிகரெட்டை நிறுத்துறதுக்குன்னு தோல்ல ஒட்டுற பட்டை, சூயிங்கம், ஏதாவது?"

"நான் எதையும் நிறுத்தப் பாக்கலையே."

பெருமூச்சு விட்டு, ரத்த அழுத்தக் கருவியை எடுத்தார். என் இடது சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். அப்படியே நின்றார்.

"இது என்ன?"

"நெரிஸோடது. என் மனைவி."

அவள் சிகரெட்டை நிறுத்தப் பன்னிரண்டு வாரத்துக்குப் பட்டை வாங்கி வைத்திருந்தோம். நெரிஸ் உயிரோடு இருந்தது மூன்று வாரம்.

தினமும் காலையில் டீ போட வேண்டும். உறையைக் கிழித்து, அவள் கையில் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அது என் வேலை.

ஏழு வாரமாக என் கையில் அழுத்திப் பிடிக்கிறேன். அதற்குள் நிகோட்டின் இருக்கிறது என்பது அந்த நாற்காலியில்தான் நினைவுக்கு வந்தது.

டெலித் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார். பொத்தானையும் போட்டார்.

"இன்னைக்கே எடுத்துடு, கண்ணு. பத்து நாள்ல சுத்தமாயிடும். தேதி தப்பாது."

"இன்னும் பதினாலு பட்டை இருக்கு," என்றேன். "அதை முடிச்சுட்டு வரலாமா?"