ஜன்னலில் ஒரு சாட்சி

“என் சங்கிலிய எடுத்தவ இவதான்!” என்று மருமகள் ஷர்மினியைக் கைகாட்டினாள் வெள்ளையம்மா.

“இச்... இச்... இச்...”

வெள்ளையம்மா மேசையை விரலால் தட்டினாள். “பல்லியே சொல்லிருச்சு! வீட்ட விட்டுப் போ!”

“எந்தப் பல்லி அத்தை?”

“ஜன்னல்ல இருக்கே, கண்ணு தெரியலயா?”

ஷர்மினி குனிந்து பார்த்தாள். மீன்போல் பளபளக்கும் உடம்பு, கூரான நகம்.

“இது அரணை. இதுக்குக் கத்தத் தெரியாது.”

“அப்ப கத்துனது யாரு லா?”

ஷர்மினி, சத்தம் வந்த படுக்கையறையின் கதவை வெடுக்கென்று திறந்தாள். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குவதாகச் சொன்ன கணவன் லோகேஸ்வரன், கதவில் வைத்த காதோடு தடுமாறினான்.

“சங்கிலி எங்க?”

“வித்துட்டேன்” என்று முனகினான்.

வெள்ளையம்மா மகனை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஷர்மினியிடம் திரும்பினாள்.

“பெத்த புள்ள எடுத்தா அது திருட்டா? என் புள்ளையவே காட்டிக் கொடுக்கிறியா? கெளம்புடி!”