கோமதி இருந்த அறை

சாவி கைக்கு வந்ததும் தணிகாசலம் வழி கேட்காமலே மாடி ஏறினார். அவர் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக வேலூர் வந்திருந்தார்கள். மண்டபத்தை ஒட்டியே நல்ல லாட்ஜ் இருந்தது. அவர் ஆட்டோவை ஆஸ்பத்திரித் தெருவுக்கு விடச் சொன்னார்.

வாடகை கம்மியாம். காதில் பூ வைத்தவள் வேறு எங்காவது இருப்பாள்.

நோயாளிக்குத் துணையாக வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்கும் இடம் அது. அறைக்குள்ளேயே அடுப்பு, குக்கர். வராந்தாவில் யார் வீட்டுக் குழம்போ மணந்தது.

அவர் ஜன்னல் தாழ்ப்பாளை ஒரு தட்டுத் தட்டினார். திறந்துகொண்டது. பிறகு கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்.

யாரும் இழுத்துப் போடச் சொல்லவில்லை.

கோமதிக்குக் காற்று வேண்டியிருந்திருக்கும்.

கோமதி அவருடைய முதல் மனைவி. இங்கே தங்கித்தான் வைத்தியம் பார்த்தார்கள். ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு அவர் கட்டிக்கொண்டது இவளை.

உயிரோடிருக்கும் சக்களத்தி என்றால் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போடலாம். செத்தவளிடம் எதைப் பிடிப்பது?

பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. பொறாமைதான் அதிகம்.

காலையில் அவர் காப்பி வாங்கக் கீழே போனார். அவள் தலைக்குக் குளித்து, வராந்தாவில் நின்று கூந்தலை உலர்த்தினாள்.

பெருக்கிக்கொண்டே வந்த அம்மாள் அவளைப் பார்த்து நின்றாள். துடைப்பம் கீழே விழுந்தது.

"நல்லாகிட்டியாம்மா?"

அவளுக்குப் புரியவில்லை.

"நான் எஸ்தர். மறந்துட்டியா? நேத்து அய்யாவப் பாத்தப்பவே நெனச்சேன். சதை போட்டு ஆளே மாறிட்ட. முடி எவ்ளோ வளந்துடுச்சு. மொட்டைத் தலையில துண்டக் கட்டிக்கினு சுருண்டு கெடப்பியே. அய்யா கஞ்சி காச்சி ஊட்டி வுடுவாரு. அன்னிலேர்ந்து ஜெபத்துல உன் பேர வுட்டதே இல்ல கோமதி."

ஊட்டிவிட்டாராமே. வீட்டில் தனக்கு ஒரு டம்ளர் வெந்நீர்கூட வைத்துக்கொள்ளாத மனிதர்.



அவளுக்குப் பின்னால், படிக்கட்டில் செருப்புச் சத்தம் வந்து நின்றது. காப்பி மணம். அவர்தான்.

நான் கோமதி இல்லை, கோமதி செத்துவிட்டாள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் இந்த இடத்திலும் அவள் இல்லாமல் போவாள்.

இல்லை, அவரே சொல்லட்டும். இவள்தான் என் மனைவி என்று ஒரு வார்த்தை.

காத்திருந்தாள்.

அவர் வாயே திறக்கவில்லை.

எஸ்தர் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நல்லாகிட்டேன்க்கா" என்றாள் அவள்.

எஸ்தர் அவளுடைய ஈரத்தலையில் கை வைத்து முணுமுணுவென்று ஜெபித்தாள். அவள் குனிந்து கொடுத்தாள்.

பிறகு எஸ்தர் அவள் தோளுக்கு மேலாகப் படிக்கட்டைப் பார்த்தாள்.

"அய்யா சிரிச்சு இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.