பத்து நிமிட நோய்

மூளை வேதியியல் செய்முறை வகுப்பில் அன்று ஆளுக்கொரு நோயைப் பத்து நிமிடம் ஏற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் நோயை நஸ்ரின் கேட்டு வாங்கினாள். அவளைப் பெற்ற அத்தாவுக்கு இருப்பது அதுதான். கண்ணால் கண்ட பிறகும் அவர் ஏன் நம்புவதில்லை என்று தெரிந்துகொள்ள ஆசை.

நோயை மூளையில் ஏற்றும் நெற்றிப் பட்டையைக் கட்டியதும் ஆய்வகக் கதவருகே போய் நின்றாள். பூட்டு நன்றாகத் தெரிந்தது. மனசுதான் கேட்கவில்லை; பூட்டைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

“பூட்டித்தான்டி இருக்கு, வா!” என்று தோழி சுகந்தி சிரித்தாள்.

வீட்டில் நஸ்ரின் அத்தாவிடம் தினமும் கத்துவதும் அதையேதான். கேட்டதும் பயம் இன்னும் ஏறியது.

“கத்தாம பக்கத்துல வந்து நில்லேன்டி.”

சுகந்தி வந்து நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கை பூட்டை விட்டது.

மறுநாள் பஸ் வரும் நேரத்தில், நிறுத்தத்தில் அவளோடு நின்ற அத்தா வீட்டுப் பக்கம் திரும்பினார். “திட்டாதம்மா, பூட்டைப் பார்த்துட்டு ஓடி வந்துர்றேன்.”

“எதுக்கு ஓடுறீங்க? வாங்கத்தா, சேர்ந்தே பார்ப்போம்.”