ஜூன் மாத ரோந்து

"உன் நம்பரு கீது பாப்பா. தோ, கோடு இட்டுக்கிறேன் பாரு" என்றார் நைனா.

ஸ்டேஷனிலிருந்து வாங்கி வந்த பேப்பர். பி.யு.சி. ரிசல்ட். ஒரு எண்ணுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

நான் எட்டிப் பார்க்கவில்லை. என் நம்பர் அதில் இருக்க வழியில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா ரவையை வறுக்க ஆரம்பித்துவிட்டாள். கடம்பத்தூர் ரயில்வே கேங் குவார்ட்டர்ஸில் மொத்தம் எட்டு வீடு. வாசனைக்கு எட்டு வீடும் வந்துவிட்டது.

"இன்னா டாக்டரம்மா, மொதல்ல என் முட்டிக்கு மருந்து எய்திக் குட்த்துட்டு அப்பறமா பட்ணத்துக்குப் போ" என்றாள் பக்கத்து வீட்டு கன்னியம்மா.

"அதுக்கு அஞ்சு வருசம் ஆவும்க்கா" என்றாள் அம்மா.

"ஆவட்டும். அதுவரிக்கும் நொண்டிக்கினு கீறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததிலிருந்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி முழுக்க நெஞ்சு அடித்துக்கொள்ளும், யாரோ துரத்திக்கொண்டு வருகிற மாதிரி. ஊரில் தமிழில் படித்தேன். மெட்ராஸ் காலேஜில் எல்லாமே இங்கிலீஷ். புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியில் ஒரு மணி நேரம் நிற்பேன்.

கெமிஸ்ட்ரி பரீட்சையில் பாதிக் கேள்வி தெரிந்ததுதான்.

கை எழவில்லை.

மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நம்பரை மட்டும் எழுதி, வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அது ஏனோ ஞாபகமிருக்கிறது.

வீட்டில் "எப்டி எய்தின?" என்று அம்மா கேட்டாள். "நல்லா" என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு இரண்டு மாதம் குடியிருந்தேன்.

மெடிக்கல் காலேஜ் அப்ளிகேஷன் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மார்க் எழுத வேண்டிய கட்டம் மட்டும் காலி. கூடவே திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் வாங்கிய சர்டிபிகேட். அந்த டாக்டர் கண்ணைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், எடை போட்டார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

தூக்கம் வருகிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நைனா ரயில்வேயில் கீமேன். விடியும்போதே லைனில் இறங்கி, தளர்ந்ததையெல்லாம் தட்டி முடுக்கிக்கொண்டே மைல் கணக்கில் நடப்பார். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். எந்தக் கம்பத்துக்கு நேரே தண்டவாளத்தில் விரிசல் என்று ஸ்டேஷனில் வந்து சொல்ல வேண்டும். இருபது வருஷத்தில் ஒரு நம்பரைக்கூட மாற்றிச் சொன்னதில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டரே சொல்லுவார்.

போன வருஷம் ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் லைனில் எதையோ பார்த்துவிட்டு வந்தார். இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. என்னவென்று எங்களிடம் சொல்லவில்லை.

இன்று கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, காக்கிச் சட்டையை மாட்டினார். திருகினால் பச்சையும் சிவப்பும் காட்டும் கைவிளக்கை எடுத்துத் துடைத்தார்.

"நைட்ல ரோந்து கீது. நீ தூங்கு பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவின் குறட்டை வந்த பிறகு சிம்னி விளக்கைத் தூண்டிப் பேப்பரை விரித்தேன்.

கோடு போட்டிருந்த எண் 31764.

என்னுடையது 31746.

மேலேயும் கீழேயும் மூன்று தடவை தேடினேன். இல்லை.

பாவம், மாற்றிப் படித்துவிட்டார். நாளைக்கு யாராவது அவருக்கு விஷயத்தைச் சொல்வார்கள். எட்டு வீட்டுக்கும் கேசரி கொடுத்த மனுஷன் எந்த முகத்தோடு லைனுக்குப் போவார்? கன்னியம்மா இனி என்னை எப்படிக் கூப்பிடுவாள்?

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். எங்கே போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. சத்தம் வராமல் திறக்கப் பார்த்தும் பின்கதவுத் தாழ்ப்பாள் கிரீச்சிட்டது.

வெளியே கும்மிருட்டு. தூரத்தில் சிக்னல் இறங்கியிருந்தது. ஏதோ ரயில் வரப்போகிறது.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதை லைனைத் தொடுகிற இடத்தில் ஒரு விளக்கு தெரிந்தது.

ரோந்து போகிறவன் விளக்கு நடந்துகொண்டே இருக்கும். இது நடக்கவில்லை. கீழே வைத்த விளக்கும் இல்லை. இடுப்பு உயரத்தில், யாரோ பிடித்தபடி நின்றது.

அப்போதுதான் உறைத்தது. ராத்திரி ரோந்தெல்லாம் மழைக்காலத்தில்தான். இது ஜூன். இன்னும் ஒரு பொட்டு மழை விழவில்லை.

இருபது வருஷத்தில் ஒரு நம்பரைக்கூட.

நான் பின்வாசலிலேயே நின்றேன். தாழ்ப்பாள் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். விளக்கு மெல்லத் திரும்பியது.

சிவப்பு.

ரயில் வரும் பக்கம் பார்த்து அல்ல. எங்கள் கதவைப் பார்த்து.