லைட்டைத் திருப்புகிறவள்

"அந்தப் பூக்காரியை இன்னிக்கே காலி பண்ணுங்கோ. இல்லேன்னா வார்டு ஆபீஸுக்குப் புகார் போகும்" என்றார் அனந்தகிருஷ்ணன்.

மும்பை மாட்டுங்காவில் அந்த ஃபிளாட் சொசைட்டிக்கு அவர்தான் செகரெட்டரி. வாசலில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளம் தெரியட்டும் என்று ஒரு பெரிய ஃபோகஸ் லைட். அதைத்தான் பூக்கார முப்பிடாதியம்மாள் திருப்பி வைத்துவிடுகிறாளாம்.

அவர் கூப்பிட்டனுப்பியதால் ரோடு வேலை சூப்பர்வைசர் இசக்கி இன்று சாயங்காலமே வந்திருந்தான். வழக்கமாக அவன் ராத்திரி ஆட்களோடு வருகிறவன். சாயங்காலம் நடப்பது அவனுக்கு என்ன தெரியும்? முந்தின நாள்தான் ஒரு பெரியவர் பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். இன்னொரு புகார் போனால் அவன் வேலைக்கே உலை.

"எதுக்கு சார் அந்தக்கா திருப்புது?"

"எதுக்கா? பூ பளிச்சுனு தெரியணும், வியாபாரம் ஆகணும். மனுஷா விழுந்தா அவளுக்கென்ன? தினம் வாக்கிங் போறச்சே நானே என் கையால சரி பண்ணி வெக்கறேன். மறுநாள் திரும்பியிருக்கு. உங்க ஊர்க்காரியாச்சேன்னு விட்டுடாதீங்கோ."

முப்பிடாதியம்மாள் செகரெட்டரியின் புதுக் காரை ஒட்டிக் கூடையை வைத்துக்கொண்டு பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். பூஜை போட்ட மாலை காரில் இன்னும் வாடவில்லை.

"யக்கா, லைட்டைத் திருப்புறது நீதானா?"

"நாந்தான்" என்றாள், தலையைத் தூக்காமல்.

"பாருங்கோ, வெக்கமில்லாம ஒத்துக்கறா."

"நேத்து ஒரு பெரியவரு விழுந்தாரே, தெரியுமாக்கா?"

"கேள்விப்பட்டேன். நேத்து காய்ச்சல், நான் வரல. வந்திருந்தா விழுந்திருக்க மாட்டாரு."

"திமிரு" என்றார் செகரெட்டரி.

இசக்கி கையை விரித்தான். "எனக்கெதுக்குக்கா இந்த லஃப்டா, வம்பெல்லாம். கூடையை எடுத்துட்டுக் கிளம்பு. இனிமே இங்க உக்காராத."

"போறேன். ஒரு வேலை பாக்கி இருக்கு, முடிச்சிட்டுப் போறேன்."

இருட்டியதும் லைட் தானாகப் பளீரென்று எரிந்தது. வெளிச்சம் அத்தனையும் புதுக் காரின் மேல். பக்கத்திலிருந்த பூக்கூடையும் ஜொலித்தது. பள்ளம்தான் கும்மிருட்டு.

முப்பிடாதியம்மாள் எழுந்து போனாள். இரண்டு கையாலும் லைட்டை வளைத்துப் பள்ளத்தின் பக்கம் திருப்பினாள். வந்து, இருட்டில் தடவித் தடவித் தன் கூடையைத் தேடினாள்.

செகரெட்டரி இசக்கியின் தோளைத் தட்டினார்.

"பார்த்தேளா? உங்க கண்ணெதிரேயே திருப்பறா."