குறுக்கே ஒரு கான்

மலையில் கொழுந்து பறித்துத் திரும்பிய பிரியந்தி, கணவன் பிரதாப்பின் லேப்டாப்பைப் பார்த்ததும் கொதித்துவிட்டாள். பச்சைப் படம், நெடுகப் பாதைகள், நடுவே நீளமாக ஒரு வெட்டு, அதைத் தாண்டி ஒரே ஒரு கோடு.

“என்னங்க இது, குறுக்கால தண்ணி ஓடக் கான் வெட்டிருக்கு? போறதுக்கு மட்டும் ஒரு பாலம் போட்டாச்சு. திரும்பி வர்றவ மலையச் சுத்தணுமா?”

பிரதாப் துள்ளி எழுந்தான். “அடியே, ஒரு மாசமா நான் தேடுன தப்பு இதுதான்டி!”

மறுநாள் மாலை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவன் செய்த புதுத் தராசில் அவளுடைய கொழுந்தை வைத்தார்கள். அதுவரை ஆடிக்கொண்டே இருந்த எண்கள் அசையாமல் நின்றன.

“நீ பாத்தது இந்தத் தராசோட சர்க்கிட் போர்டு. அடியில இருக்குற செம்புத் தகட்ட நான் வெட்டுனதால, சிக்னல் திரும்பி வர வழியில்லாம சுத்தி வந்து எண்ண ஆட்டுச்சு. அந்த வெட்ட ஒட்டுனேன், சரியாயிருச்சு.”

பிரியந்தி தலையில் கைவைத்தாள்.

“தோட்டத்து மேப் இல்லையா? ஐயையோ! இன்னிக்குக் காலைல வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுல தோட்டத்துத் தொரைய ஒரு புடி புடிச்சுட்டேனே! அவரும் பயந்துபோயி, எந்தக் கான்னுகூடக் கேக்காம மூடிடுறேன்னுட்டாரே!”